டிஷ்வாஷரை மூடி வைக்கும் முன் தண்ணீரை அளந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிஷ்வாஷர் நம் ஊர்ச் சமையலுக்கு ஒத்துவராது, வாங்கிய வருஷமே துணி போட்டு மூடிவிட்டேன் என்று வாசகி ஒருவர் இந்தப் பகுதியில் எழுதியிருந்தார். அவர் அடுக்கிய குறைகள் மூன்று. எவர்சில்வர் தம்ளர்களில் திருநீறு பூசினாற்போல வெள்ளைப் படலம். கழுவி முடிந்த பிறகும் அடியில் கலங்கல் தண்ணீர். பாதியில் நின்றுபோய் ஏதோ ஓர் எண்ணைக் காட்டுவது. இந்த மெஷின்களைப் பிரித்துப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்ட எங்களுக்கு இவை மூன்றும் அன்றாடம் காதில் விழும் புகார்கள்தான். முதலாவதற்கும் சாம்பார், ரசத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, அது தண்ணீர் செய்கிற வேலை. மற்ற இரண்டிலும் பெரும்பாலானவற்றை வீட்டிலேயே சரிசெய்துவிடலாம்.

வெள்ளைப் படலத்தை முதலில் பார்ப்போம். ஒரு முறை கழுவ மெஷின் சுமார் 10 லிட்டர் தண்ணீர் எடுக்கிறது. வீட்டுப் போர் தண்ணீரின் கடினத்தன்மை 600 பிபிஎம் என்று வைத்துக்கொள்ளுங்கள். லிட்டருக்கு 600 மில்லிகிராம் சுண்ணாம்பு என்று அர்த்தம். 10 லிட்டருக்கு 6 கிராம், ஏறக்குறைய ஒரு டீஸ்பூன். கரைந்திருக்கும்வரை அது கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் 65 டிகிரிக்குச் சூடாகும்போது அதில் ஒரு பங்கு பிரிந்து தம்ளரிலும் ஹீட்டரிலும் படிகிறது. மிச்சமிருப்பது, பாத்திரத்தில் ஒட்டிய சொட்டுகள் காயும்போது வட்ட வட்டமாக நிற்கிறது. சோப்பை அதிகம் போட்டாலும் இது போகாது.

இதைத் தடுக்கத்தான் மெஷினின் அடிப்பகுதியில் ரெசின் மணிகள் நிறைந்த ஒரு டப்பா வைத்திருக்கிறார்கள். உள்ளே வரும் தண்ணீரிலுள்ள கால்சியம், மெக்னீசியத்தை அந்த மணிகள் பிடித்துவைத்துக்கொண்டு, பதிலுக்குச் சோடியத்தை விடுகின்றன. பிடித்து நிரம்பிய மணிகளைக் கழுவிப் பழைய நிலைக்குக் கொண்டுவரத்தான் உப்பு. பாத்திரத்தைக் கழுவ உப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உப்புக்கரைசல் பாத்திரத்தைத் தொடுவதே இல்லை. ரெசினைக் கழுவிவிட்டு நேரே சாக்கடைக்குப் போய்விடுகிறது.

எத்தனை கழுவலுக்கு ஒரு தடவை ரெசினை உப்பால் கழுவ வேண்டும் என்பதை மெஷின் தானாகத் தெரிந்துகொள்ளாது. நம் வீடுகளில் இருக்கும் பெரும்பாலான மாடல்களுக்கு நாம்தான் சொல்ல வேண்டும். தண்ணீர்க் கடினத்தன்மை என்று கையேட்டில் ஒரு அமைப்பு இருக்கும். உதாரணத்துக்கு, போஷ் மெஷின்களில் இது எச்:00 முதல் எச்:07 வரை போகும். ஆலையிலிருந்து வரும்போது எச்:04-ல் இருக்கும். அது 13 முதல் 16 ஜெர்மன் டிகிரி வரைக்கும் போதும். ஒரு ஜெர்மன் டிகிரி என்பது 17.8 பிபிஎம். ஆக, ஆலை அமைப்பு ஏறக்குறைய 285 பிபிஎம் வரை தாங்கும். நம் நாட்டுக் குடிநீர்த் தரமான ஐ.எஸ். 10500, கடினத்தன்மை 200-க்குள் இருப்பது நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 600 வரை குடிக்கலாம் என்கிறது. அரசுத் தரப்படி குடிக்கத் தகுந்த தண்ணீரே ஆலை அமைப்பைப் போல இரண்டு மடங்கு கடினமாக இருக்கலாம். சென்னைப் புறநகர்ப் போர் தண்ணீரைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். மெஷினை மாட்டிக்கொடுத்துவிட்டுப் போகிறவர்கள் இந்த ஒரு எண்ணை மாற்றிவிட்டுப் போனால் எங்களுக்கு வரும் அழைப்புகளில் பாதி வராது.

அளப்பதில் ஒரு குழப்பம் உண்டு. ஆர்.ஓ. காரர் கையில் வைத்திருக்கும் பேனா போன்ற கருவி காட்டுவது டிடிஎஸ். அது தண்ணீரில் கரைந்த எல்லா உப்புகளின் கூட்டு. சாதா உப்பும் அதில் சேரும், ஆனால் சாதா உப்பு சுண்ணாம்பாகப் படியாது. கடற்கரையோரக் கிணற்றில் டிடிஎஸ் 1,200 இருந்தும் கடினத்தன்மை குறைவாக இருக்கலாம். ரெசினைத் தாண்டிய தண்ணீரிலும் டிடிஎஸ் குறைந்திருக்காது, கால்சியத்துக்குப் பதில் சோடியம் வந்திருக்கும், அவ்வளவுதான். ஆகவே பேனாவைப் பார்த்து மெஷினை அமைக்காதீர்கள்.

மெஷினோடு வரும் தாள் பட்டையை ஒரு விநாடி நனைத்து எடுத்தாலே ஓரளவு தெரியும். இன்னும் துல்லியமாக வேண்டுமானால் வண்ணமீன் கடைகளில், கடினத்தன்மையை அளக்கும் ஜிஎச் கிட் என்று கேளுங்கள். கூடவே வரும் சிறு குழாயில் 5 மில்லி தண்ணீர் எடுத்து, மருந்தை ஒவ்வொரு சொட்டாக விட்டு மூடிக் குலுக்க வேண்டும். முதல் சொட்டிலேயே ஆரஞ்சு நிறம் வரும். அது பச்சையாகத் திரும்பும்வரை சொட்டுகளை எண்ணுங்கள். இந்த வகைக் கிட்டில் ஒரு சொட்டு ஒரு ஜெர்மன் டிகிரி. 34 சொட்டு ஆனால் 600 பிபிஎம். நிறமும் கணக்கும் கிட்டுக்குக் கிட்டு மாறும், உறையைப் படித்துக்கொள்ளுங்கள். ஆய்வகச் சான்றோடு வேண்டும் என்பவர்கள் மாவட்டத் தலைநகரில் இருக்கும் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் கட்டிப் பரிசோதிக்கலாம். மே மாதம் ஒரு தடவை, மழை முடிந்து டிசம்பரில் ஒரு தடவை அளப்பது நல்லது. கோடையில் லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலக்கும் அடுக்கக வீடுகளில் இரண்டு எண்களுக்கும் நடுவே பெரிய இடைவெளி இருக்கும்.

எண் தெரிந்ததும் கையேட்டில் உள்ள அட்டவணைப்படி அமைப்பை மாற்றுங்கள். 34 டிகிரி என்றால் மேலே சொன்ன மெஷினில் எச்:07. அந்த அமைப்பு 50 டிகிரி வரை, அதாவது 890 பிபிஎம் வரை சமாளிக்கும். அதற்கு மேல் போனால் மெஷினுக்குள் இருக்கும் ரெசினால் முடியாது. வீட்டுக்கே மென்னீராக்கி வைக்க வேண்டும், அல்லது மெட்ரோ தண்ணீர் வரும் குழாயிலிருந்து இணைப்பு எடுக்க வேண்டும். தண்ணீர் பிடித்து வைத்த கொஞ்ச நேரத்தில் செம்மஞ்சளாகும் வீடுகளில் இரும்புச்சத்து இருக்கிறது. அது ரெசினின் மேல் படிந்து அதையே கெடுத்துவிடும். அங்கே இரும்பு நீக்கும் வடிகட்டி முதலில் வேண்டும்.

மெஷினுக்குத் தண்ணீர் வரும் இன்லெட் குழாயில் மாட்டச் சொல்லி வெள்ளை உருண்டைகள் போட்ட ஒரு கண்ணாடிக் குப்பியைக் கடைகளில் தருவார்கள். அதில் இருப்பது பாலிபாஸ்பேட். கால்சியத்தை அது எடுப்பதில்லை, படியாதபடி கொஞ்ச நேரம் கட்டிவைக்கும். சூடு ஏற ஏற அந்தக் கட்டும் விட்டுப்போகும். கீஸருக்கு ஓரளவு பயன்படலாம், டிஷ்வாஷரில் உப்புக்கு மாற்றாக அதை நம்ப முடியாது. இதைவிட மோசம், ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் கழிவு நீரை வீணாக்க மனமில்லாமல் டிஷ்வாஷருக்குத் திருப்பிவிடுவது. சிக்கனம் நல்லதுதான், ஆனால் வீட்டிலேயே மிகக் கடினமான தண்ணீர் அதுதான். தரை துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

உப்பு என்றதும் அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில் இருப்பதை எடுத்துக் கொட்டக் கூடாது. தூள் உப்பில் கட்டிபிடிக்காமல் இருக்கச் சேர்க்கும் பொருள் ரெசினில் அடைக்கும். தூளே குழைந்து இறுகிக் கரையாமல் நிற்பதும் உண்டு. கல்லுப்பு மலிவுதான், ஆனால் அதில் மண்ணும் மெக்னீசியமும் இருக்கும். நீக்க வேண்டியதையே கொண்டுபோய்ப் போட்டதாகிவிடும். டிஷ்வாஷர் உப்பு என்று விற்கும் பருமணி உப்பையே போடுங்கள். முதல் தடவை மட்டும் உப்பு அறையில் ஒரு லிட்டர் தண்ணீர் ஊற்றி, பிறகு புனல் வைத்து அறை நிரம்பும்வரை ஒரு கிலோவோ சற்றுக் கூடுதலாகவோ உப்பு. அடுத்தடுத்த தடவைகளில் தண்ணீர் வேண்டாம். உப்புப் போடும்போது உள்ளே இருந்த கரைசல் வழிந்து எஃகுத் தளத்தில் கொட்டும். அதை அப்படியே விட்டுவிட்டு மறுநாள் ஓட்டினால் தளத்தில் துருப் புள்ளி வரும். ஆகவே கழுவத் தொடங்குவதற்குச் சற்று முன் உப்புப் போடுங்கள், வழிந்ததைத் துடையுங்கள், மூடியின் வாஷரில் உப்புமணி ஒட்டாமல் பார்த்து இறுக்கி மூடி உடனே ஓட்டுங்கள். கழுவிய பாத்திரம் நாக்கில் கரித்தால் மூடி இறுகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆறு மாதமாகியும் உப்பு குறையவே இல்லை என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். போர் தண்ணீர் வீட்டில் அது நல்ல செய்தி இல்லை. அமைப்பு பூஜ்யத்தில் இருக்கிறது, அல்லது ரெசினைக் கழுவத் திறக்க வேண்டிய வால்வு திறக்கவில்லை.

ரெசின் வேலை செய்கிறதா என்று வீட்டிலேயே பார்க்கலாம். காலி மெஷினில் சோப்பில்லாமல் பிரீ-ரின்ஸ் என்ற முதல் அலசலை ஓட விடுங்கள். ஐந்து நிமிஷம் கழித்து நிறுத்தி, கதவைத் திறந்து, ஃபில்டர் பக்கத்துப் பள்ளத்திலிருந்து ஒரு கரண்டி தண்ணீர் மொண்டு அதே சொட்டு மருந்தால் அளந்து பாருங்கள். குழாய்த் தண்ணீர் 34 சொட்டு வாங்கினால் இது நாலைந்து சொட்டுக்குள் நிறம் மாற வேண்டும். இதுவும் முப்பது வாங்கினால், உப்பும் அமைப்பும் சரியாக இருந்தும் வாங்கினால், மெக்கானிக்கைக் கூப்பிட உங்களிடம் உறுதியான காரணம் இருக்கிறது.

கண்ணாடித் தம்ளரில் படலம் இருந்தால் பாதித் தம்ளரை மட்டும் எலுமிச்சைச் சாறு தொட்டுத் தேய்த்துக் கழுவி வெளிச்சத்தில் பாருங்கள். தேய்த்த பாதி பளிச்சென்று ஆனால் சுண்ணாம்பு. எந்த மாற்றமும் இல்லாமல், வானவில் போல லேசான நிறமோ கீறலோ தெரிந்தால் கண்ணாடியே அரிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு மருந்து இல்லை. இது நேர் எதிர்க் காரணத்தால் வருவது. தண்ணீர் ரொம்ப மென்மை, சூடு அதிகம், சோப்பு அதிகம். சிறுவாணித் தண்ணீர் வரும் கோவை வீடுகளில் சென்னை உறவினர் சொன்னார் என்று அமைப்பை ஏழுக்கு ஏற்றிவைப்பவர்கள் கண்ணாடிகளைத்தான் இழக்கிறார்கள். அங்கே குறைந்த அமைப்பும் பாதி அளவு சோப்பும் போதும்.

எல்லாம் ஒன்றில் என்று விற்கும் மாத்திரைகளில் உப்பின் வேலையைச் செய்யும் பொருளும் இருக்கிறது. ஆனால் பொதுவாக 21 டிகிரி வரைக்கும்தான் அது தாக்குப்பிடிக்கும். கடின நீர் வீடுகளில் மாத்திரை போட்டாலும் உப்பு வேண்டும். பவுடராக இருந்தால், மெஷின் நிறையப் பாத்திரத்துக்கு 20 முதல் 25 கிராம். கடைசி அலசலில் சேரும் திரவமான ரின்ஸ் எய்டை விட்டுவிடாதீர்கள். சொட்டுகள் உருண்டு நிற்காமல் வழிந்தோட வைப்பது அதுதான். பாத்திரத்தில் நீலச் சாயலோ கோடுகளோ தெரிந்தால் அளவைக் குறையுங்கள். சொட்டு சொட்டாகக் காய்ந்திருந்தால் கூட்டுங்கள். பிளாஸ்டிக் டப்பாக்கள் ஈரமாகவே வருகின்றன என்பது குறையே அல்ல. எவர்சில்வரைப் போலச் சூட்டைப் பிடித்துவைத்துக்கொள்ளாததால் அவை தாமாகக் காயா. முடிந்ததும் கதவைக் கையகலம் திறந்து வையுங்கள், நம் ஊர்ப் புழுக்கத்தில் மூடியே வைத்தால் உலர்ந்த பாத்திரமும் மறுபடி நனையும்.

இரண்டாவது குறைக்கு வருவோம். ஃபில்டரைத் தூக்கினால் அடியில் ஒரு குவளை தெளிந்த தண்ணீர் எப்போதும் நிற்கும். அது அங்கே இருக்க வேண்டியதுதான். ஃபில்டருக்கு மேலே கலங்கலாக நின்றால்தான் கோளாறு. பெரும்பாலும் ஃபில்டர் அடைத்திருக்கும். இடப்பக்கமாகத் திருகித் தூக்கினால் உருளை வந்துவிடும், கீழே தட்டையான சல்லடை. குழாயடியில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவினால் தேங்காய்த் துருவல், புளிக் கோது, கறிவேப்பிலை நரம்பு, டீத்தூள் எல்லாம் வெளியே வரும். தினம் ஓட்டும் வீட்டில் வாரம் இரண்டு தடவை இதைச் செய்ய வேண்டும். திரும்ப மாட்டும்போது அம்புக்குறிகள் நேருக்கு நேர் வரும்வரை திருகிப் பூட்டுவது கழுவுவதைவிட முக்கியம். பூட்டாத ஃபில்டரின் ஓரமாக நழுவும் முதல் ஆள் கடுகு. சுழன்று தண்ணீரைப் பீய்ச்சும் கையான ஸ்ப்ரே ஆர்மின் துளைகளும் ஏறக்குறைய கடுகளவுதான். உள்ளே போன கடுகு துளையை உள்பக்கமிருந்து தக்கை போல அடைத்துவிடும். மேல் தட்டில் ஒரு பக்கம் மட்டும் சாதப் பசை போகாமல் வந்தால் ஆர்மைக் கழற்றிக் காதருகே ஆட்டிப் பாருங்கள். கலகலவென்று சத்தம் வந்தால் கடுகுதான். குழாய்த் தண்ணீரை மையத் துவாரத்தில் விட்டு, கவிழ்த்து, பல்குத்தியால் துளைகளை ஒவ்வொன்றாகத் தள்ளிவிடலாம். ஊசி, கம்பி வேண்டாம், துளை அகலமானால் வேகம் போய்விடும்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் தண்ணீர் இறங்கவில்லையா? பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். தண்ணீரை மொண்டு பஞ்சால் ஒற்றி எடுங்கள். ஃபில்டர் பள்ளத்தின் பக்கவாட்டில், கழிவு நீரை வெளியே தள்ளும் டிரெயின் பம்பின் மேல் ஒரு சிறு பிளாஸ்டிக் மூடி இருக்கும். பல மெஷின்களில் ஸ்பூன் காம்பால் நெம்பினால் வந்துவிடும். உள்ளே சிறு விசிறி. கையுறை போட்டுக்கொண்டு விரலால் சுற்றிப் பாருங்கள், கண்ணாடிச் சில்லு இருக்கலாம். கொஞ்சம் தயங்கித் தயங்கிச் சுற்றுவது இயல்பு, காந்தம் இழுக்கிறது. சுற்றவே மறுத்தால் ஏதோ சிக்கியிருக்கிறது. எலுமிச்சை விதை, பல்குத்தி, டப்பாவிலிருந்து உரிந்த லேபிள் ஆகியவை வழக்கமான விருந்தாளிகள். மூடியைச் சொடுக்கென்று உட்கார வைத்த பிறகே ஃபில்டரை மாட்டுங்கள்.

அடுத்தது டிரெயின் பைப். நம் வீடுகளில் மெஷின் பெரும்பாலும் சர்வீஸ் ஏரியாவில் நிற்கிறது, பைப்பின் முனையைத் தரையில் இருக்கும் சாக்கடைத் துவாரத்தில் செருகிவிடுகிறார்கள். பைப் நேராகக் கீழே போனால் மெஷின் தண்ணீர் எடுக்க எடுக்க அது தானாகவே வழிந்து போகும். மெஷின் ஏமாந்து மறுபடி மறுபடி நிரப்பிப் பார்த்துவிட்டுத் தண்ணீர் வரவில்லை என்று நின்றுவிடும். பெரும்பாலான கையேடுகள் பைப் தரையிலிருந்து 40 சென்டிமீட்டராவது மேலே ஏறி இறங்க வேண்டும், 100-ஐத் தாண்டக் கூடாது என்கின்றன. சுவரில் ஓர் ஆணி அடித்து வளைத்துக் கட்டினாலே போதும். சிங்க்கின் கழிவுக் குழாயோடு சேர்த்திருந்தாலும் இந்த வளைவு வேண்டும், இல்லாவிட்டால் சிங்க் அழுக்கு மெஷினுக்குள் திரும்பி வரும். பைப்பில் எலி கடித்த ஓட்டை இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

மூன்றாவது, அந்த எண். போஷ், சீமென்ஸ் மெஷின்களில் இ24 என்றால் கழிவு நீர் போகவில்லை, பைப் மடங்கியோ அடைத்தோ இருக்கிறது. இ25 என்றால் டிரெயின் பம்ப் சிக்கியிருக்கிறது அல்லது அதன் மூடி சரியாக உட்காரவில்லை. இ18 தண்ணீர் போதவில்லை. எல்ஜியில் ஐஇ தண்ணீர் வரவில்லை, ஓஇ தண்ணீர் போகவில்லை. பெயர் எதுவானாலும் சேதி இந்த நாலைந்துக்குள் அடங்கும்.

தண்ணீர் வரவில்லை என்றால் குழாயை மூடி, இன்லெட் பைப்பைக் கழற்றி, முனையில் இருக்கும் சிறு சல்லடையைப் பாருங்கள். போர் மணல் நிறைந்திருக்கும். மூக்குக் குறடால் இழுத்துக் கழுவி மாட்டுங்கள். அதுவும் சுத்தமென்றால் குழாயைத் திறந்து ஒரு வாளியில் ஒரு நிமிஷம் பிடியுங்கள். 10 லிட்டர் நிரம்ப வேண்டும். மாடி வீடுகளில் இங்கேதான் தோற்போம். பல மெஷின்கள் குறைந்தபட்சம் 0.5 பார் அழுத்தம் கேட்கின்றன. தொட்டித் தண்ணீரின் உயரம் 10 மீட்டருக்கு ஒரு பார் என்று கணக்கு, அரை பாருக்கு 5 மீட்டர் வேண்டும். கடைசி மாடியில் தொட்டி தலைக்கு மேலேயே இருப்பதால் இரண்டு, மூன்று மீட்டர்தான் கிடைக்கும். கீழ்வீட்டில் நன்றாக ஓடும் அதே மாடல் மேல்வீட்டில் அடம்பிடிப்பது இதனால்தான். தொட்டியை மூன்றடி உயர்த்தினாலும் தீராது, சிறிய பிரஷர் பம்ப்தான் வழி.

இ15 வந்தால் அடித்தட்டில் தண்ணீர் சேர்ந்திருக்கிறது. அங்கே ஒரு தெர்மாகோல் மிதவை இருக்கிறது, அது எழும்பியதும் மெஷின் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு டிரெயின் பம்பை மட்டும் ஓட்டிக்கொண்டிருக்கும். குழாயை மூடிப் பிளக்கைப் பிடுங்குங்கள். காரணம் பெரும்பாலும் நுரை. மெஷின் சோப்பு தீர்ந்த நாளில் கைக்குப் பாத்திரம் தேய்க்கும் லிக்விடை இரண்டு ஸ்பூன் விட்டிருப்பார்கள். நுரையைப் பம்பால் தள்ள முடியாது, அது கதவிடுக்கு வழியாக இறங்கும். நுரையை மொண்டெடுத்து, ஒரு கைப்பிடி உப்பை மேலே தூவி அமுக்கி, சோப்பில்லாமல் இரண்டு, மூன்று தடவை வெறும் ரின்ஸ் ஓட்டுங்கள். அடித்தட்டுத் தண்ணீரை வெளியேற்ற இரண்டு பேர் பிடித்து மெஷினை மெதுவாகப் பின்பக்கம் சாய்க்கலாம். வடிந்த பிறகு மறுபடி வராவிட்டால் நுரையோடு போயிற்று. ஓரிரு நாளில் திரும்ப வந்தால் உள்ளே கேஸ்கட்டோ குழாயோ கசிகிறது, மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். மிதவையைக் கட்டிவைத்து ஓட்டலாம் என்று யோசனை சொல்பவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

கதவின் கீழே தண்ணீர் சொட்டுகிறது என்றால் உடனே ரப்பரை மாற்றச் சொல்லாதீர்கள். சர்வீஸ் ஏரியாத் தரை வாட்டமாகத்தான் போட்டிருப்பார்கள். மெஷின் முன்பக்கம் சாய்ந்தால் தண்ணீர் கதவுப் பக்கம் சேரும். ரசமட்டம் வைத்துப் பார்த்து முன்கால்களைத் திருகி உயர்த்துங்கள். ரப்பரின் அடி ஓரத்தை விரலால் வழித்துப் பாருங்கள், அங்கே சேரும் கொழகொழப்புதான் நாற்றத்துக்கும் பாதிக் காரணம்.

எந்தப் பாத்திரத்தைப் போடக் கூடாது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். அலுமினியக் குக்கரும் இட்லிப் பானையும் கறுத்துவிடும், சோப்பின் காரம் மேற்பூச்சை அரிக்கிறது. பித்தளை, செம்பு, ஈயச்சொம்பு, இரும்புத் தோசைக்கல், கல்சட்டி, மண்சட்டி, மர மத்து வேண்டவே வேண்டாம். எவர்சில்வர் குக்கர் மூடியைப் போடுவதானால் கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு, எடுத்ததும் ஆவித்துவாரத்தை வெளிச்சத்தில் பாருங்கள். குழிக்கரண்டியின் காம்பு தட்டின் இடுக்கில் இறங்கி ஸ்ப்ரே ஆர்மைத் தடுத்தால் அன்றைய கழுவல் வீண். மூடுமுன் இரண்டு ஆர்மையும் விரலால் ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். மாத்திரை கரையாமல் அப்படியே கிடந்தால் டிஸ்பென்சர் மூடிக்கு எதிரே பெரிய தட்டு நின்றிருக்கும். சோற்றை வழித்துப் போட்டால் போதும், முழுதாகக் கழுவிவிட்டுப் போட வேண்டாம்.

மின்சாரத்தில் விளையாட்டு கூடாது. இது 2,000 வாட்டுக்கு மேல் இழுக்கும் சாதனம், 16 ஆம்பியர் பிளக் பாயின்ட்டும் நல்ல எர்த்தும் வேண்டும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் உருகும். தொட்டால் லேசாகச் சுரீரென்றால் அன்றே நிறுத்திவிட்டு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். 65 டிகிரியில் ஓட்டியும், நடுவில் திறந்தால் ஆவியே இல்லை என்றால் ஹீட்டர், சென்சார், போர்டு மூன்றில் ஒன்று. மூன்றுமே வீட்டு வேலை இல்லை. அழைக்கும்போது மாடல் எண், காட்டிய எண், எந்த நிமிஷத்தில் நின்றது, தண்ணீரின் கடினத்தன்மை ஆகியவற்றைச் சொன்னால் வருகிறவர் சரியான பாகத்தோடு வருவார்.

கடைசியாக, மூடி வைத்திருக்கும் அந்த வாசகிக்கு. ஒரு வருஷம் நின்ற மெஷினை அப்படியே பொத்தானை அழுத்தி ஓட்டாதீர்கள், பம்பின் சீல் காய்ந்து ஒட்டியிருக்கும். இன்லெட், டிரெயின் பைப்புகளையும் பின்பக்க ஒயர்களையும் எலிக்காகப் பாருங்கள். ஃபில்டரைக் கழற்றிக் கழுவி, பள்ளத்தில் ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு கழிவு நீரை வெளியேற்றும் பொத்தானை அழுத்தித் தண்ணீர் போகிறதா பாருங்கள். போகாவிட்டால் மேலே சொன்னபடி விசிறியை விரலால் சுற்றி விடுங்கள். போனால், காலி மெஷினின் தளத்தில் 150 கிராம் சிட்ரிக் அமிலத் தூளைப் போட்டு மிகச் சூடான புரோகிராமை முழுதாக ஓட்டுங்கள். அதோடு பிளீச்சிங் பவுடரையோ பிளீச்சையோ சேர்த்துவிடாதீர்கள், விஷ வாயு வரும். சுண்ணாம்பு கரைந்த பிறகு தண்ணீரை அளந்து, அமைப்பை மாற்றி, உப்பும் ரின்ஸ் எய்டும் போடுங்கள். முதல் இரண்டு, மூன்று கழுவல்களில் தம்ளர் முழுதாகத் தெளியாது. ரெசின் ஒரு தடவையாவது உப்பில் கழுவப்பட்ட பிறகுதான் வித்தியாசம் தெரியும். அதுவரை அந்தத் துணியை மடித்து எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
வீட்டு உபயோகச் சாதனங்கள் பழுதுபார்ப்போர் சிலர்,
சென்னை.